எர்த்துக்காரரின் புறங்கை

பொண்டாட்டிக்குக் குழி பறித்த புருஷன் என்று அந்தத் தெருவில் ஒருவர் உண்டு. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிற பொண்டாட்டியும் உண்டு. தெரு முழுக்க அவளை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடும்.

நடந்தது இதுதான். கல்யாணமான புதிதிலிருந்து காலால் மிதித்துத் தைத்துத் தைத்து அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. வயரிங் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஒரு நாள் தையல் மிஷினுக்கான மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டுவார், மிதிக்காமல் தைக்கலாம் என்று அவள் ஆசையோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், மனுஷன் மோட்டாரை மூலையில் வைத்துவிட்டுக் கடப்பாரையும் கையுமாக வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் தோண்டினார். நீளமான இரும்புக் குழாயை உள்ளே இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து ஒரு செம்புக் கம்பியை மிஷின் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

"மத்தவங்க பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டு வருவாங்க. நீங்க என்னடான்னா குழி தோண்டுறீங்க" என்றாள் அவள்.

"பூ சாயங்காலம் வாடிரும்மா. மோட்டாருல என்னிக்காவது கரண்ட் கசிஞ்சுச்சுன்னா, அது உன்மேல ஏறாம இந்தக் கம்பி வழியா மண்ணுக்குள்ள இறங்கிரும். நான் வேலைக்குப் போயிருக்கிற நேரத்துல உன்னைப் பாத்துக்க ஆள் வேணும்ல?"

ஐ லவ் யூ என்று சொல்லத் தெரியாத ஆண்கள் எத்தனையோ விதமாக அதைச் சொல்லிப் பார்க்கிறார்கள். அவர் சொன்னது உப்பும் கரியும் போட்டு. அவளுக்கு அது புரிந்தது. மண்ணாகிக் கிடந்த அவருடைய சட்டையை அன்றைக்கு அவளே துவைத்தாள், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல். அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஊர் அவருக்கு எர்த்துக்காரர் என்று பெயர் வைத்ததும் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற இந்த எர்த் பைத்தியத்தால்தான். புது வீட்டுக்காரர்கள் ஃபேன் எங்கே மாட்டலாம், அலங்கார விளக்கு எங்கே தொங்கவிடலாம் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் வீட்டைச் சுற்றி வந்து, "குழி எங்க போடலாம்?" என்பார். எர்த் இல்லாத வீட்டில் ஒரு பல்பு மாட்டக்கூடச் சம்மதிக்க மாட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று திட்டினாலும், கடைசியில் எல்லோரும் அவரிடம்தான் வந்தார்கள். எர்த்துக்காரர் பார்த்துவிட்டார் என்றால் அந்த வீட்டில் குழந்தை குட்டிகள் தைரியமாக ஸ்விட்ச் போடலாம்.

இவ்வளவு கெட்டிக்கார மனுஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்த மிஷினில் கசிவு இருக்கிறது என்று சந்தேகம் வந்தாலும் புறங்கையை, நடு விரல்களின் பின்பக்கத்தை, அதன்மேல் லேசாக உரசிப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் விரல்களை மடக்கி, தொட்டதை இறுகப் பிடிக்க வைத்துவிடும். புறங்கையால் தொட்டால் மடங்குகிற கை தானாக விலகி வந்துவிடும். பழைய வேலைக்காரர்கள் பலருக்கும் உள்ள பழக்கம். அதற்காக இதை யாரும் வீட்டில் செய்து பார்த்துவிட வேண்டாம். இது புலியின் வாயில் பல் எண்ணிப் பார்க்கிற வேலை. ஆனால் அவருக்கோ அந்தப் புறங்கைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. டெஸ்டரில் வெளிச்சம் வந்தால், "அது சும்மா பக்கத்து வயர்ல கரண்ட் ஓடினாக்கூட மினுக்கும். டெஸ்டர் பொய் சொல்லும், கை சொல்லாது" என்பார். மகள் வேலைக்குப் போன புதிதில் அப்பாவுக்கென்று கரண்ட் அளக்கிற நல்ல மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கும்மா?" என்று சிரித்துவிட்டு, பெட்டியோடு அலமாரி உச்சியில் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

அவருக்குச் சர்க்கரை வந்ததும், மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும், பிறகு மாத்திரையை மறக்க ஆரம்பித்ததும் எல்லோர் வீட்டிலும் நடக்கிற கதைதான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், டெய்லரக்கா பள்ளிக்கூடச் சீருடைகளை மலைபோல் குவித்து வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். வெறுங்கால் ஈரத் தரையில் ஊன்றியிருந்தது. சக்கரத்தில் கை வைத்தவளுக்குச் சுர்ரென்று முழங்கை வரைக்கும் ஏறியது. எறும்பு கடித்த மாதிரி இல்லை. எறும்புப் புற்றுக்குள் கையை விட்ட மாதிரி. கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் முதல் வேலையாகச் சொன்னாள். அவர் செருப்போடு வந்து மிஷினைப் புறங்கையால் உரசினார். "ஒண்ணுமில்லயே" என்றார்.

"செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்க. நான் வெறுங்காலோட இருந்தேன்."

கழற்றினார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் தொட்டார். சக்கரத்தை, மோட்டாரை, அடியில் இருந்த இரும்புச் சட்டத்தை, எல்லாவற்றையும் தொட்டார். "ஒண்ணுமில்லம்மா. நாள் பூரா உக்காந்தே இருக்கல்ல, நரம்பு இழுத்திருக்கும். எந்திரிச்சு நட கொஞ்சம்."

அவளும் நம்பினாள். வேறு யாரையாவது நம்பாமல் இருக்கலாம். எர்த்துக்காரரை எர்த் விஷயத்தில் எப்படி நம்பாமல் இருப்பது? தன் உடம்புதான் கெட்டுப்போச்சு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். காலுக்கடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொண்டு தைத்தாள். ஆனாலும் மனசு சும்மா இருக்கவில்லை. மிஷினிடம் உட்காரும்போதெல்லாம், கடிக்கிற நாய் இருக்கிற வீட்டுக்குள் நுழைகிறவளைப் போலத்தான் உட்கார்ந்தாள்.

எதிர் வீட்டு டீச்சர் தன் மகனுடைய கால்சட்டையை வாங்கிப்போக வந்த அன்றுதான் விஷயம் திரும்பியது. செருப்பை வாசலில் விட்டு, குடையை மடக்கிவிட்டு, ஈரக்கையை அப்படியே மிஷின்மேல் ஊன்றினாள் டீச்சர். "ஐயோ அக்கா!" என்று ஒரு துள்ளல். "உங்க மிஷின் அடிக்குதுக்கா! எர்த்துக்காரர் வீட்டுலயே இப்படியா? ஊருக்குத்தான் உபதேசமா?"

டீச்சர் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். டெய்லரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நரம்பு தனக்கு இழுக்கவில்லை. மிஷினில் கரண்ட் இருக்கிறது. டீச்சருக்குத் தெரிகிறது, தனக்குத் தெரிகிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை.

தெரியாமல் இருந்த ஒன்று தெரிந்துவிட்டால் அதன்பின் வீடு முழுக்க அதுதான் கண்ணில் படும். அவள் டெய்லர் என்பதால் முதலில் பட்டனில் பட்டது. கொஞ்ச நாளாகவே அவர் சட்டையைக் கொண்டுவந்து, "இந்த ஓட்டை சின்னதா இருக்கும்மா, பட்டன் ஏற மாட்டேங்குது" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். என் கையால் போட்ட காஜாவில் குறையா என்று அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பெரிதாக்கிக் கொடுத்தாள். அப்போதும் ஏறவில்லை. மேல் பட்டனைப் போடாமலேயே போக ஆரம்பித்தார், காற்றுக்காக என்றார். சுடச்சுட டீ ஊற்றிய டம்ளரை விளிம்பில் பிடிக்காமல் முழுக் கையாலும் பிடித்துக் குடித்தார். ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலைத் தாண்டி வந்து, "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டார். அதையெல்லாம் அவள் கிண்டல் செய்திருக்கிறாள். "காதல்ல விழுந்துட்டீங்களா, இப்படிக் காத்துல நடக்குறீங்க?" என்றுகூடக் கேட்டிருக்கிறாள். இப்போது ஒவ்வொன்றும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

சர்க்கரையால் அவர் கை மரத்துப்போய்விட்டது. அதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? கை பொய் சொல்லாது என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த மனுஷனிடம், உங்கள் கை பொய் சொல்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் மனுஷன் ஒடிந்துபோவார். சொல்லாமல் விட்டால் ஏதாவது ஒரு வீட்டில் ஏதாவது ஒரு வயரில் கையை வைத்து, அது சுடுவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருப்பார். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிஷினை ஓட்டாமல் பட்டன் தைக்கிற வேலையாகப் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது. மகள் பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். புருஷன் வேலைக்குப் போனபின் கைக்குழந்தையும் அவளுமாகத்தான் பகல் முழுக்க.

"அம்மா, குளியலறைக் குழாயைத் தொட்டா சுர்ருங்குதுன்னு அப்பாகிட்டச் சொல்லியிருந்தேன்ல? போன வாரம் வந்து பாத்தாரும்மா. ஹீட்டரைப் போட்டு, குழாயைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னுட்டாரு. அப்பாவே சொல்லிட்டாரேன்னு நானும் விட்டுட்டேன். இப்ப பாப்பாவக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன், அது எக்கிக் குழாயைப் புடிச்சுதும்மா. வீல்னு கத்திச்சு. குளிக்கும்போது எப்பவும் கத்துறவதான். அதான் ஒண்ணும் புரியல. அப்பா தப்பாச் சொல்ல மாட்டாருல்ல?"

டெய்லரக்கா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "பாப்பா எப்படி இருக்கா?"

"பால் குடிச்சுட்டுச் சிரிக்கிறா."

"கேளு. கையை நல்லாத் தொடச்சுக்கோ. செருப்பைப் போட்டுக்கிட்டுப் போய் மெயினை இறக்கு. வீடு பூரா கரண்ட் வேணாம். குளியலறைக் கதவைச் சாத்திடு. நானும் அப்பாவும் வர்ற வரைக்கும் எதையும் தொடாத."

"அப்படின்னா அப்பா..."

"அப்பா அன்னிக்குச் செருப்புப் போட்டிருந்திருப்பாரு. வேற ஒண்ணுமில்ல. வந்து சொல்றேன்."

மகளிடம் பொய் சொல்லிவிட்டாள். புருஷனிடம் இனி பொய் சொல்ல முடியாது. நாளைக்கு என்பது தீர்ந்துபோயிற்று.

மதியம் அவர் சாப்பிட வந்தார். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர் முன்னால் தட்டை வைக்காமல் அவள் துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கண்ணை மூடுங்க."

"என்னம்மா இது, இந்த வயசுல?" அவர் முகத்தில் வெட்கம்கூட வந்தது.

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவள் பையிலிருந்து ஒரு வெட்டுத்துணியை எடுத்து அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள். வெல்வெட். "என்ன துணி சொல்லுங்க."

தேய்த்துப் பார்த்தார். "பருத்தி."

அதை எடுத்துவிட்டு இன்னொன்று வைத்தாள். காலருக்குள் வைத்துத் தைக்கிற கான்வாஸ். உரசினால் தோல் சிவக்கும்.

"அதேதான். ஒரே துணிய ரெண்டு தடவை குடுத்து ஏமாத்தப் பாக்குறியா?"

சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தார். மடியில் கிடந்த வெல்வெட்டைப் பார்த்தார். கையில் இருந்த கான்வாஸைப் பார்த்தார். முதலில் சிரிப்பு போயிற்று. பிறகு விரல்களால் கான்வாஸை அழுத்தி அழுத்தித் தேய்த்தார், தேய்த்தால் வந்துவிடும் என்பது மாதிரி. அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"பட்டன்லதான் ஆரம்பிச்சுது. ஆனா அப்ப புரியல. உங்களுக்கு?"

"காலைல எந்திரிக்கும்போது மரத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் உதறினாச் சரியாயிரும்னு நெனச்சேன். அப்புறம் உதறுறதையும் விட்டுட்டேன். இவ்வளவு தூரம் போயிருக்கும்னு..." குரல் அதோடு நின்றது.

அவள் மகள் போன் செய்ததைச் சொன்னாள். ஒளிக்காமல், குழந்தை குழாயைப் பிடித்ததையும் கத்தியதையும், தான் மகளிடம் சொன்ன செருப்புப் பொய்யையும் சொன்னாள். சொல்லும்போதே தன் புருஷன் வயதாகிப்போவதைக் கண்ணால் பார்த்தாள். அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வந்தேனே. என் பேத்தி குளிக்கிற இடத்துல."

"அவ நல்லா இருக்கா. சிரிக்கிறாளாம். இப்ப கிளம்பினா இன்னும் நல்லா இருப்பா." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து மீட்டர் பெட்டியை எடுத்துத் தூசியைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "இதை எடுத்துக்கோங்க."

அவர் முதலில் சொந்த வீட்டு மிஷினில்தான் வைத்துப் பார்த்தார். பிளக்கைச் செருகி, ஸ்விட்சைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைச் சக்கரத்திலும் இன்னொன்றைச் சுவர் ஓரத்து எர்த் கம்பியிலும் வைத்தார். எண் ஒன்றும் பெரிதாக வரவில்லை. யோசித்தார். பிறகு அந்த இரண்டாவது முனையை ஈர மண்ணில் குத்திய ஒரு கம்பியில் வைத்தார். எண் தாவி ஏறியது. உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பின்னால் போய்க் குழி மூடியைத் திறந்தார். குழாயோடு சேர்த்திருந்த இடத்தில் கம்பி அரித்துத் தனியாகக் கிடந்தது. மேலே எல்லாம் சேர்ந்துதான் இருந்தது. மண்ணோடு மட்டும் ஒட்டு இல்லை. கோடைக்குக் கோடை ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாரே தவிர, மூடியைத் திறந்து உள்ளே பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது.

"இது வந்து பாத்துக்கலாம்" என்றாள் அவள். "மிஷின் ஓடாட்டி என்ன, பசங்க பழைய கால்சட்டை போட்டுட்டுப் போகட்டும். வாங்க."

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு தடவை, "எத்தனை வீட்டுல இப்படித் தொட்டுட்டு வந்தேனோ" என்றார்.

"ஒவ்வொண்ணாப் போய்ப் பாப்போம்."

"எந்த மூஞ்சியோட?"

"இருக்கிற ஒரே மூஞ்சியோட. வேற எது இருக்கு உங்ககிட்ட?" என்றாள். சொல்லிவிட்டு அவர் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். பஸ்ஸில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மகள் வீட்டு வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குழந்தை தாத்தாவைப் பார்த்ததும் கையை நீட்டியது. அவர் தூக்கவில்லை. "வேலை முடியட்டும்" என்று சொல்லிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனார்.

அங்கே போனதும் மனுஷன் பழைய எர்த்துக்காரர் ஆகிவிட்டார், கை ஒன்று தவிர. அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுட வைக்கிற கம்பிச்சுருள் பழசாகிக் கசிய ஆரம்பித்திருந்தது. ஹீட்டர் பிளக் செருகும் இடத்தில் மூன்று ஓட்டை இருந்தது. பின்னால் கழற்றிப் பார்த்தால் எர்த்துக்கான ஓட்டையில் வயரே இல்லை, வெறும் அலங்காரம். இவ்வளவு நாள் ஏன் அடிக்கவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. முன்பு இரும்புக் குழாய் அப்படியே மண்ணுக்குள் இறங்கியது. கசிந்த கரண்ட் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சமீபத்தில் பிளம்பர் வந்து ஒழுகிய துண்டை வெட்டிவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார். தண்ணீர் ஒழுகுவது நின்றது. கரண்டும் போக வழியில்லாமல் குழாயிலேயே நின்றது, யாராவது ஈரக்கையால் தொட மாட்டார்களா என்று.

"பிளம்பர் மேலயும் தப்பில்ல" என்றார். "தண்ணிக்கு வழி பண்ணத் தெரிஞ்ச ஆளு. கரண்டுக்கு வழி பண்றது என் வேலை."

வேண்டியதை வரும் வழியிலேயே வாங்கியிருந்தார்கள். மெயின் இறக்கித்தான் இருந்தது. இருந்தும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டார். அங்கிருந்து ஹீட்டருக்கு ஒரு பச்சை வயர் இழுத்தார். குளியலறையில் உள்ள இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் பட்டையால் கவ்விப் பிடித்து, அவற்றையும் அதே பச்சை வயரில் சேர்த்தார். எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருந்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் கரண்ட் நின்று விளையாட முடியாது. மெயினுக்குப் பக்கத்தில் ஒரு டிரிப் ஸ்விட்ச். கொஞ்சம் கசிந்தாலும் கண்ணிமைக்கிற நேரத்தில் தானாக விழுந்துவிடும்.

சின்ன ஸ்க்ரூக்கள் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். விரலில் பிடித்தது தெரியாமல் இரண்டு தடவை கீழே போட்டார். மூன்றாவது தடவை டெய்லரக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு ஸ்க்ரூ எம்மாத்திரம்? அவர் சொல்லச் சொல்ல அவள் முறுக்கினாள்.

"போதுமா?"

"இழுத்துப் பாரு. வயர் அசையுதா?"

"அசையல."

"இன்னும் கொஞ்சம் முறுக்கு. நீ துணிய இழுக்கிற மாதிரி இழுக்காத, கோவத்துல என் காதைத் திருகுற மாதிரி திருகு."

வெளியே நின்ற மகள் சிரித்துவிட்டாள். "அம்மாவும் வயரிங் வேலைக்கு வந்தாச்சா?" என்றாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அம்மா சொன்ன செருப்புக் கதையை நம்பிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கண் மங்கியிருக்கும், அதனால் அம்மா ஸ்க்ரூ போடுகிறாள் என்று நினைத்திருப்பாள். டெய்லரக்கா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி, சொல்ல வேண்டாம் என்றால் வேண்டாம். மகள் முன்னால் அவர் எர்த்துக்காரராகவே இருந்துவிட்டுப் போகட்டும். மீட்டரை அவர் கையில் கொடுத்தாகிவிட்டது, அது போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மெயினைப் போட்டு, மீட்டரால் குழாயைப் பார்த்து, ஹீட்டரைக் கொஞ்சம் போட்டதும் டிரிப் ஸ்விட்ச் பட்டென்று விழுந்தது. "நல்லா விழுது" என்று அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கம்பிச்சுருளை மாற்றுகிற வரைக்கும் ஹீட்டரைப் போடக் கூடாது என்று பிளக்கைப் பிடுங்கி மேலே சுற்றிக் கட்டினார். ஸ்விட்சைத் தூக்கிவிட்டு, மீட்டரால் குழாயை இன்னொரு தடவை பார்த்தார். சுத்தம்.

பாதியில் நின்ற குளியலை முடிக்க வேண்டுமே. மகள் அடுப்பில் வெந்நீர் போட்டு, பேசினில் ஊற்றி, குழாய்த் தண்ணீரை விட்டு விளாவினாள். ஒரு கையில் குழந்தை நெளிந்தது. இன்னொரு கையில் துண்டு.

"அப்பா, தண்ணி சூடு சரியா இருக்கா பாருங்க" என்றாள்.

அவர் குனிந்தார். கை தண்ணீருக்கு மேல் வரைக்கும் போயிற்று. டெய்லரக்கா தானே முந்திக்கொண்டு கையை விட ஓரடி எடுத்து வைத்தாள். சமாளித்துவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் புருஷனுக்காக அதையும் செய்யலாம். அதற்குள் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னைப் பாக்கச் சொல்லாதம்மா" என்றார். "என் கைக்குச் சூடு தெரியல. கரண்டும் தெரியல. அன்னிக்குச் செருப்புப் போட்டிருந்தேன்னு அம்மா சொன்னது பொய். வெறுங்காலோடதான் தொட்டேன். கரண்ட் இருந்துச்சு, எனக்குத்தான் தெரியல. இனிமே நான் தொட்டுப் பாத்துட்டுச் சொன்னா நீ நம்பக் கூடாது. மீட்டர் வச்சு உன் கண்ணு முன்னாடி காட்டச் சொல்லு."

மகள் கையிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அப்பாவின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டெஸ்டர் பிடித்துக் காய்த்துப்போன இடமும், எப்போதோ பட்டு அவருக்கே தெரியாமல் ஆறிப்போன தீக்காயமும் அதில் இருந்தன. அவள் கண் நிறைந்துவிட்டது. "ஏம்பா சொல்லல?" என்றாள்.

"இப்பதான் சொல்றேன்ல" என்றார் அவர்.

டெய்லரக்காவுக்கு, இந்த மனுஷனை மறைத்துக் காப்பாற்றப் பார்த்தேனே, எவ்வளவு முட்டாள் நான் என்று தோன்றியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, "சரியா இருக்கு, விடு அவளை" என்று அதட்டுகிற மாதிரி சொன்னாள்.

குழந்தை தண்ணீரில் இறங்கியதும் வழக்கம்போல வீல் என்று கத்தியது. பிறகு காலால் அடித்து மூன்று பேரையும் நனைத்தது. தாத்தா விளிம்பில் வைத்திருந்த கையைப் பார்த்துவிட்டு, அவர் சுட்டு விரலை எக்கிப் பிடித்துக்கொண்டது.

அவர் அசையவில்லை. கண்ணைக்கூட எடுக்காமல் அந்தப் பிஞ்சு விரல்கள் தன் விரலைச் சுற்றியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதை நிறுத்தினால் அது தெரியாமல் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

"கெட்டியாவா புடிச்சிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

டெய்லரக்கா குனிந்து, குழந்தையின் கைமேல் தன் விரலை வைத்து, லேசாக விலக்கிப் பார்த்தாள். வரவில்லை.

"விட மாட்டேங்குறா" என்றாள்.